பணம் பாட்டியுடையது, சாவி யார் கையில்?

மாதத் தொடக்கத்தில் தெலுக் இந்தான், சுங்கை சிப்புட், பந்திங் போன்ற சிறு பட்டணங்களில் ஏடிஎம் இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு காட்சி கண்ணில் படும். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்தோ, தெரிந்தவர் காரில் ஏறியோ வந்திருக்கும் வயதான அம்மா ஒருவர், கைப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து, பக்கத்தில் நிற்கும் பேரனிடம் நீட்டுவார். "தம்பி, இத கொஞ்சம் பாருப்பா. எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லு." பையன் எண்களை அழுத்துவான். இயந்திரம் நோட்டுகளைத் தள்ளும். அந்த அம்மா அங்கேயே நின்று இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொள்வார்.

அந்த வரிசை இப்போது குறைந்து வருகிறது. வங்கி கைப்பேசிக்குள் வந்துவிட்டதால், வரிசை வீட்டுக்குள் நகர்ந்துவிட்டது. கணக்கு பாட்டியின் பெயரில் இருக்கிறது. செயலி பேரனின் கைப்பேசியில் இருக்கிறது. பாட்டி டவுனுக்குப் போக வேண்டியதில்லை, வெயிலில் நிற்க வேண்டியதில்லை. "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் பேரன் திரையைப் பார்த்துச் சொல்கிறான். சொன்னதை நம்புவது மட்டும்தான் பாட்டியின் வேலை.

எதிர்காலத் தொழில்நுட்பம் என்றால் மடக்கும் திரை, கூர்மையான கேமரா, செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேச்சு நடக்கிறது. தோட்டத்திலும் தாமானிலும் இருக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தின் சாவி இன்னும் பத்து வருடத்தில் யார் கையில் இருக்கும்?

கைநாட்டிலிருந்து கைப்பேசிக்கு

தோட்டத்துச் சம்பள நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுவார்கள். தெரியாதவர்கள் மையில் கட்டைவிரலை ஒற்றிப் பதிப்பார்கள். "கைநாட்டு" என்பது அந்தக் காலத்தில் ஒருவரைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லாகவே இருந்தது. ஆனால் அந்த ரேகைக்கு ஒரு மரியாதையும் இருந்தது. ஆள் நேரில் வராமல் அதை வேறொருவர் வைக்க முடியாது.

2001-ஆம் ஆண்டு மைகாட் அடையாள அட்டை வந்தபோது அந்தக் கைநாட்டு சில்லுக்குள் ஏறியது. ஊழியர் சேமநிதி வாரியத்தின் முகப்பில் கட்டைவிரலை வைத்தால், அட்டையில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டு ஆளை உறுதி செய்தார்கள். தோட்டத்து மக்கள் கேலிக்கு ஆளான அதே கைநாட்டு, நாட்டின் மிக நவீனமான கையெழுத்தாக மாறியது. பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் ரேகை தேய்ந்துபோனவர்களை இயந்திரம் ஏற்காமல் திருப்பிய சிரமமும் உண்டு. அப்போதும் முகப்பில் ஒரு மனிதர் இருந்தார். ஆளைப் பார்த்து, பத்திரத்தைப் பார்த்து, வேறு வழி சொல்ல முடிந்தது.

இன்றைய நிலை வேறு. 2024 மே மாதம் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கை, கைப்பேசிச் செயலியிலிருந்தே கையாளலாம். வசதிதான். ஆனால் அந்த வசதி எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி வந்து சேரவில்லை. சொந்தக் கைப்பேசி வைத்திருக்கும் முப்பது வயது மகனுக்கு அது சுதந்திரம். பட்டன் போன் வைத்திருக்கும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு, அது மகனிடம் கேட்க வேண்டிய இன்னொரு காரியம்.

ஒரு நபர், ஒரு கைப்பேசி என்ற கணக்கு

இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, இணையம் வழி பணம் அனுப்பினால் வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் டேக் எண் வரும். மோசடிக் கும்பல்கள் அதைத்தான் குறிவைத்தன. வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம், பாதி விலையில் பொருள் தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் போட்டு, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அந்தப் போலிச் செயலி, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படித்துக் கணக்கைத் துடைத்துவிடும்.

இதைத் தடுக்க 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வலுவான உறுதிப்படுத்தும் முறைக்கு மாறுவது, சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் விதிகளைக் கடுமையாக்குவது, முதன்முறை பதிவு செய்யும்போது காத்திருப்பு நேரம் வைப்பது, உறுதி செய்ய ஒரே ஒரு கருவியை மட்டும் அனுமதிப்பது, மோசடிப் புகாருக்குத் தனித் தொலைபேசி வழி ஏற்படுத்துவது ஆகியவை அவை. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம் தொடங்கப்பட்டு, 997 என்ற எண்ணும் வந்தது. பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இவை தேவையான பாதுகாப்புகள். ஆனால் "ஒரே ஒரு கருவி" என்ற விதிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு நபருக்கு ஒரு கைப்பேசி, அது எப்போதும் அவர் கையிலேயே இருக்கும் என்ற கணக்கு அது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. பாட்டியின் கணக்கு பேரனின் கைப்பேசியில் பதிவாகிவிட்டால், வங்கியின் பார்வையில் அந்தக் கைப்பேசியைத் திறப்பவர்தான் பாட்டி. திருடர்களிடமிருந்து பாதுகாக்கப் போட்ட பூட்டு, சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

பேரன் கெட்டவன் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் ஒரு காசு தொடுவதில்லை. பிரச்சினை திருட்டைவிட நுட்பமானது. பேரனுக்கு ஜோகூரில் வேலை கிடைத்துப் போனால், கைப்பேசியோடு பாட்டியின் வங்கியும் ஜோகூருக்குப் போய்விடுகிறது. அதைவிட முக்கியம், முன்பு அந்த அம்மா யாரையும் கேட்காமல் செய்த காரியங்கள். கோயில் உபயத்துக்கு ஐம்பது வெள்ளி. கஷ்டத்தில் இருக்கும் தங்கைக்கு நூறு வெள்ளி. தீபாவளிக்கு மருமகளுக்குத் தெரியாமல் பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. "எதுக்கு பாட்டி அவ்வளவு?" என்ற கேள்வி அன்போடுதான் வருகிறது. இரண்டு முறை அந்தக் கேள்வி வந்த பிறகு, மூன்றாம் முறை பல பாட்டிகள் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

முப்பது வெள்ளியும் நூறு வெள்ளியும்

தொழில்நுட்பம் என்றாலே முதியவர்களுக்கு ஆகாது என்று முடிவு கட்டுவது எளிது. கடந்த சில ஆண்டுகளில் அரசாங்கம் கொடுத்த இரண்டு உதவிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

2020 ஜனவரியில் இ-துனாய் ரக்யாட் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு 30 ரிங்கிட் மின்பணப்பை வழியாக வழங்கப்பட்டது. மக்களை ரொக்கமில்லாப் பரிவர்த்தனைக்குப் பழக்குவது அதன் நோக்கம். திறன்பேசியும், இணையமும், பதிவு செய்யும் பொறுமையும் இருந்தவர்களுக்கு அது எளிதாகக் கிடைத்தது. இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் பதிவு செய்து கொடுத்தார்கள், அல்லது கிடைக்கவே இல்லை.

2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர் ஒவ்வொருவருக்கும் சாரா திட்டத்தில் 100 ரிங்கிட் வழங்கப்பட்டது. ஏறக்குறைய 22 மில்லியன் பேருக்கு. இம்முறை பணம் வந்த இடம் மைகாட். பதிவு இல்லை, செயலி இல்லை. பங்கேற்கும் கடைக்குப் போய், அரிசி, முட்டை, ரொட்டி என்று வேண்டியதை எடுத்து, முகப்பில் அடையாள அட்டையைக் கொடுத்தால் போதும். அடுத்த மாதமே, செப்டம்பர் 30 முதல், ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கும் பூடி திட்டமும் அதே அட்டையை நம்பியே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். 2025-இல் தோட்டத்து முதியவர்களுக்கு அதிகம் பயன்பட்ட தொழில்நுட்பம், 24 வயதான ஒரு பிளாஸ்டிக் அட்டை. அது எல்லார் பையிலும் ஏற்கெனவே இருந்தது. சார்ஜ் கேட்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றச் சொல்லித் தொல்லை கொடுக்கவில்லை. முக்கியமாக, அட்டை யாருடையதோ அவர் கையிலேயே இருந்தது. பாட்டியே கடைக்குப் போய், எந்த அரிசி வேண்டும் என்று பாட்டியே பார்த்து எடுக்க முடிந்தது. பின்னால் இயங்கியது இன்றைய கணினி. முன்னால் நின்றது பழகிய அட்டை. புதுமையை இப்படியும் செய்யலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜோகூர் பாலத்தைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகும் நம்மவர்கள் இன்னொரு பாடத்தை நேரிலேயே பார்த்தார்கள். சிங்கப்பூரில் பஸ், எம்ஆர்டி கட்டணத்துக்கான பழைய அட்டை முறையை 2024 ஜூனில் நிறுத்தி, பயணிகளை சிம்பிளிகோ என்ற புதிய முறைக்கு மாற்றப்போவதாக அந்த ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. புதிய முறையில், அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி இருக்கிறது என்பது வாசல் திரையில் தெரியாது. தெரிய வேண்டுமானால் செயலியில் பார்க்க வேண்டும்.

மக்கள் விடவில்லை. என் பணம் எவ்வளவு கழிகிறது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் பெரும்பாலோரின் வாதம். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22-ஆம் தேதி, அரசாங்கம் முடிவை மாற்றியது. பழைய முறையை 2030 வரையாவது நீட்டிக்கக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றும் அறிவித்தது.

உலகத்திலேயே அதிகம் கணினிமயமான நகரங்களில் ஒன்று, மீதித்தொகையைக் கண்ணால் பார்க்கும் ஒரு சிறு வசதிக்காக அவ்வளவு செலவு செய்ய ஒத்துக்கொண்டது. ஏடிஎம் வாசலில் நின்று இரண்டு முறை நோட்டை எண்ணும் அம்மா கேட்பதும் அதையேதான். அதைப் பழைமைவாதம் என்று சிரித்துத் தள்ளக்கூடாது. தன் பணத்தைத் தானே பார்ப்பது உரிமை.

பேசினால் புரியும்

முதியவர்கள் கைப்பேசியை வெறுக்கிறார்கள் என்பதும் உண்மையில்லை. புலனத்தில் குரல் பதிவு அனுப்பும் வசதி வந்தபோது யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போய்ச் சேரும் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். "சாப்பிட்டியாய்யா? மழை பேயுது, பாத்துப் போ" என்ற செய்திகள் தினமும் போகின்றன. பேரக்குழந்தையின் முகத்தைக் காணொளி அழைப்பில் பார்க்க, கோவிட் காலத்தில் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

அதே பாட்டி வங்கிச் செயலியைத் திறந்தால் தடுமாறுகிறார். திரை பெரும்பாலும் மலாயில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுத்து சிறியது. யோசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளுகிறது. குறை பாட்டியிடம் இருந்தால் குரல் பதிவும் வந்திருக்காது. செய்தவர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த இடத்தில் வருங்காலம் நம்பிக்கையும் பயமும் சேர்ந்தே தருகிறது. தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதி கூகுளில் ஏற்கெனவே இருக்கிறது. "என் கணக்கில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், தமிழிலேயே பதில் சொல்லும் வங்கிச் செயலி தொழில்நுட்பத்தால் முடியாத காரியமில்லை. பாசார், தாமான், பொங்சு என்று மலாய்ச் சொல் கலந்து பேசும் நம் தோட்டத்துத் தமிழையும் அது புரிந்துகொள்ள வேண்டும். அது நடந்தால், பேரன் இல்லாமலே பாட்டி தன் பணத்தோடு பேச முடியும். ஆனால் அதே தொழில்நுட்பம்தான் ஒருவரின் குரலை நகலெடுக்கவும் செய்கிறது. "பாட்டி, நான்தான் பேசுறேன், அவசரமா பணம் வேணும்" என்று பேரனின் குரலிலேயே அழைப்பு வரலாம். குரலை நம்பிப் பழகிய ஒரு தலைமுறைக்கு இது சின்ன ஆபத்தில்லை.

சாவிக்கும் வாடகை

செலவையும் மறக்கக்கூடாது. வங்கிப் புத்தகம் எத்தனை வருடமானாலும் காலாவதி ஆகாது. கைப்பேசி அப்படியில்லை. 2021 இறுதியில் நாடு முழுவதும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கைப்பேசிகளில் இணையம் பயனற்றுப்போனது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 கணினிகளுக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புலனமும் வங்கிச் செயலிகளும் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கின்றன.

பொருள் கெட்டுப்போகவில்லை, அதை வேலை செய்ய அனுமதிக்கும் மென்பொருள்தான் நகர்ந்துவிட்டது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு, சில ஆண்டுக்கு ஒரு முறை ஐந்நூறு, அறுநூறு ரிங்கிட்டுக்குப் புதுக் கைப்பேசி வாங்குவது என்பது, சொந்தப் பணப்பெட்டியின் சாவிக்கு வாடகை கட்டுவது போலத்தான். வாடகை கட்ட முடியாதவர் இன்னொருவர் சாவியை நம்பி நிற்க வேண்டும்.

இரண்டாவது கதவு

அடுத்த பத்து ஆண்டுகளில் இது சிலருடைய பிரச்சினையாக இருக்காது. 2030-ஆம் ஆண்டுக்குள் மலேசிய மக்கள்தொகையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது நீண்டகாலக் கணிப்பு. இன்று பாட்டிக்குக் கைப்பேசியை இயக்கிக் கொடுக்கும் பிள்ளைகளும் ஒரு நாள், தமக்குப் புரியாத ஏதோ ஒரு கருவியை யாரிடமாவது நீட்டி "இத கொஞ்சம் பாருப்பா" என்று சொல்லத்தான் போகிறார்கள்.

ஆகவே புதிய வசதி எது வந்தாலும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்கு இரண்டாவது கதவு இருக்கிறதா? எஸ்டிஆர் உதவித்தொகையில் அந்தக் கதவு இருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் பிஎஸ்என் முகப்பில் ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளலாம். சாராவில் மைகாட் அந்தக் கதவு. வங்கிக் கிளை மூடப்படும்போதும், முகப்பு நேரம் குறைக்கப்படும்போதும், கடையில் ரொக்கம் வேண்டாம் என்று பலகை மாட்டும்போதும் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுகிறது. சமூக அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் குரல் கொடுக்க வேண்டிய இடம் அது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடி இணைய மையங்கள் இருக்கின்றன. அங்கே முதியவர்களுக்குத் தமிழில், அவர்கள் வேகத்தில், அவர்கள் கைப்பேசியிலேயே சொல்லிக் கொடுக்கும் வகுப்புகளைக் கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாட்டிக்குப் பழைய கைப்பேசியையாவது தனியாகக் கொடுத்து, செயலியைத் திறக்க அவருடைய கைரேகையையே பதிவு செய்யலாம். தினசரிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைத்தால், தவறு நடந்தாலும் இழப்பு சிறியதாக இருக்கும். ஏடிஎம் அட்டையை ரத்து செய்யாமல் அவரிடமே விட்டுவைக்கலாம். ரகசிய எண்ணை அட்டை உறையில் எழுதி வைப்பதை நிறுத்தி, அவருக்கு மறக்காத ஒன்றாக அவரே தேர்ந்தெடுக்க உதவலாம். பணம் கேட்டு எந்தக் குரல் வந்தாலும், வைத்துவிட்டுத் தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்கப் பழக்கலாம். 997 என்ற மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

இன்னொன்றும் உண்டு, அதற்குச் செலவே இல்லை. மாதம் ஒரு முறை பேரன் திரையைப் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாக, கைப்பேசியைப் பாட்டியின் கையில் கொடுத்துவிடலாம். மலாய் தெரியாவிட்டாலும் எண்கள் அவருக்குத் தெரியும். எத்தனை மரம் வெட்டினோம், எத்தனை கிலோ பால் நிறுத்தார்கள், கிராணி எத்தனை நாள் பேர் போட்டார் என்று கணக்கு வைத்து வாழ்ந்தவர் அவர். தன் கையே தனக்கு உதவி என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் பழமொழி இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மீதித்தொகையை அவரே படிக்கட்டும். வேண்டுமானால் இரண்டு முறை படிக்கட்டும்.